மொட்டை, காதுகுத்து, கேக்: மூன்றும் ஒரே நாளிலா?

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 62, மதுரையில் இருக்கிறேன். மகனும் மருமகளும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். வருகிற ஐப்பசியில் பேத்திக்கு ஒரு வயது முடிகிறது. எங்கள் வீட்டில் முதல் பேத்தி. குலதெய்வம் கோயில் சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில். அங்கே வைத்து மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி, கிடா வெட்டி, சொந்தபந்தம் 200 பேருக்குச் சாப்பாடு போட்டு, சாயங்காலம் மதுரையில் மண்டபம் பிடித்து கேக்கும் வெட்டிவிடலாம் என்பது என் ஆசை. மூன்று செலவு ஒரே செலவாக முடியும். மருமகள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். மழைக்காலத்தில் மொட்டை போட்டால் சளி பிடிக்குமாம், கூட்டத்தில் நோய் ஒட்டுமாம், சென்னை வீட்டிலேயே 20 பேரைக் கூப்பிட்டு கேக் வெட்டினால் போதுமாம். பிறந்தநாள் அதுவுமாக விளக்கை ஊதி அணைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நட்சத்திரப் பிறந்தநாள் வேறு, ஆங்கிலத் தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே வருகிறது. எந்த நாளைக் கொண்டாடுவது என்பதிலும் தகராறு. நாங்களும் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள்தான். எங்கள் காலத்தில் எந்தக் குழந்தைக்கு என்ன ஆகிவிட்டது? குழந்தை மருத்துவர் நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள்.

ஒரு பாட்டி, மதுரை

பதில்:

அன்புள்ள அக்கா,

எனக்கு 58 வயது, அதனால் அக்கா என்றே கூப்பிடுகிறேன். கடைசி வரியில் எனக்கு ஒரு பொறி வைத்திருக்கிறீர்கள். மாமியாருக்கு வக்கீலாக வந்தால் மருமகளிடம் மாட்டுவேன், மருமகளுக்கு வந்தால் உங்களிடம். முப்பது வருஷமாகக் குழந்தைகளைப் பார்க்கிறேன். அதில் பாதி நேரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற இரண்டு பெண்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் யார் பக்கம் என்று சொல்லப்போவதில்லை. எது சரி, எது தப்பு என்று மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் மொட்டை. இதில் நீங்கள் சொல்வதுதான் சரி. மொட்டை போடுவதால் சளி பிடிக்காது. சளி வைரஸால் வருவது. அதைக் கொடுப்பது பக்கத்தில் தும்முகிற மனிதர். முடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூக்கு, வாய், கண் வழியாகத்தான் அது உள்ளே போகும். மழைக் குளிரில் வெறும் தலை சில்லிடும் என்றால் ஒரு பருத்திக் குல்லாய் போதும். (மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் கிடையாது. முடியின் அடர்த்தி தோலுக்குள் இருக்கிற வேர் எத்தனை என்பதில் இருக்கிறது.) நான் கவலைப்படுவது பிளேடைப் பற்றி. உங்கள் கண் முன்னால் உறை பிரித்த புது பிளேடாக இருக்க வேண்டும், அதை வேறு தலைக்குப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. திருவிழா நேரத்தில் வரிசையில் பத்துத் தலை காத்திருக்கும்போது இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். சந்தனம் தடவுவதாக இருந்தால் எங்காவது கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தடவுங்கள்.

அடுத்தது, "எங்கள் காலத்தில் எந்தக் குழந்தைக்கு என்ன ஆகிவிட்டது?" இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை, அக்கா. 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020இன் கணக்கில் அது 28, தமிழ்நாட்டில் 13. உங்கள் மாமியாரோ சின்னம்மாவோ உயிரோடு இருந்தால், மொத்தம் எத்தனை பெற்றார்கள், எத்தனை தங்கியது என்று கேட்டுப் பாருங்கள். என் அம்மாவுக்கு எனக்கும் தம்பிக்கும் நடுவில் இரண்டு போயிற்று. ஒன்றுக்குப் பேர்கூட வைக்கவில்லை. ஆண்டு நிறைவை நம் ஆட்கள் இவ்வளவு பெரிதாகக் கொண்டாடியதற்கே அந்தப் பயம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றும். ஒரு வருஷம் தாண்டிவிட்டது, இனி பிழைத்துக்கொள்ளும் என்று ஊரைக் கூட்டிச் சாமிக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். அதனால் நீங்கள் விழா வைக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அது எப்படிப்பட்ட விழா என்பதில்தான் பேச்சு.

ஐப்பசி என்பதும் சும்மா விஷயமில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அக்டோபர் நவம்பர் இலையுதிர்காலம். பழைய தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், அதாவது வாடைக் காற்றும் மழையும். ஐப்பசி அடைமழை என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும். என் கிளினிக்கில் அந்த மூன்று மாதம் உட்கார இடம் இருக்காது. சளிக்காய்ச்சல், ப்ளூ, வீசிங், கை கால் வாயில் கொப்புளம் போடுகிற காய்ச்சல், டெங்கு எல்லாம் சேர்ந்து வரும். டெங்குக் கொசு பகலில் கடிக்கிற ஜாதி. மண்டபத்தின் பின்பக்கம் சமையல்காரர்கள் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிற டிரம் பக்கத்தில்தான் குழந்தையைத் தூங்கவைக்க ஓர் அறை ஒதுக்குவார்கள். கவனித்திருக்கிறீர்களா? ஆக, கூட்டத்தில் நோய் ஒட்டும் என்று மருமகள் சொல்வது சரி. 200 பேர் வந்தால் அதில் பத்துப் பேருக்காவது மூக்கு ஒழுகும், அந்தப் பத்துப் பேரும் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுப்பார்கள்.

இந்த முத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் முதல் பிறந்தநாள். மண்டபத்தில் ஏழு மணிக்கு அழைப்பு. எட்டு மணிக்குத் தூங்குகிற குழந்தை அது. வலைத்துணிக் கவுன், கழுத்தில் உறுத்துகிற கல் வேலைப்பாடு, தலையில் இறுக்கமான பட்டை. வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு தடவை தூக்குகிறார்கள். குழந்தை ஒவ்வொரு கையிலும் உடம்பை வில்லாக வளைத்து அம்மா எங்கே என்று தேடுகிறது. வீடியோக்காரர் முகத்துக்கு நேராக லைட் போட்டு, "பாப்பா, இங்கே, இங்கே" என்று சாவிக்கொத்தை ஆட்டுகிறார். ஸ்பீக்கர் பக்கத்திலேயே மேடை. எட்டே முக்காலுக்குக் குழந்தை தாத்தா தோளில் தூங்கியே போய்விட்டது. ஒன்பது மணிக்கு கேக் வெட்ட எழுப்பினார்கள். எழுப்பினால் என்ன ஆகும்? வீல் என்று ஒரே அழுகை. கத்தியைப் பிடித்த கை குழந்தையுடையது, வெட்டியது அப்பா, சிரித்தது யாருமில்லை. கண் பட்டுவிட்டது என்று அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய் மிளகாய் வற்றல் சுற்றிப் போட்டார். மூன்றாம் நாள் காய்ச்சலோடு என்னிடம் வந்தார்கள். அதே விழாவுக்கு வந்த இன்னும் இரண்டு குழந்தைகளும் அந்த வாரம் வந்தன.

இதில் கண்ணேறு எதுவும் இல்லை, அக்கா. எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை புது முகம் பார்த்தால் அழுவது வளர்ச்சியின் ஒரு கட்டம். அம்மா யார், அந்நியர் யார் என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்கு மூளை வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உங்களை வீடியோ காலில் தினமும் பார்த்தாலும் நேரில் வந்ததும் முதல் அரை மணி நேரம் உங்களிடமே வராமல் இருக்கலாம். "பாட்டியைத் தெரியலையா?" என்று மனசு சங்கடப்பட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்து நீங்கள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருங்கள். அதுவாகத் தவழ்ந்து வரும்.

ஒரு வயதுக் குழந்தை பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் இந்த வயதில் பகலில் இரண்டு தடவை தூங்கும். அதனால் விழாவின் நேரத்தை முகூர்த்தம் பார்த்துக் குறிப்பதற்கு முன்னால் குழந்தையின் தூக்கத்தைப் பார்த்துக் குறியுங்கள். காலைத் தூக்கம் முடிந்து எழுந்து, சாப்பிட்டு, ஈரமில்லாத டயப்பரோடு இருக்கிற இரண்டு மணி நேரம் இருக்கிறதே, அதுதான் நல்ல நேரம். அதற்குள் பூஜையோ கேக்கோ முடித்துவிட்டு குழந்தையை உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். அதன் பிறகு பெரியவர்கள் ராத்திரி பன்னிரண்டு வரை உட்கார்ந்து பழைய கதை பேசினாலும் குழந்தைக்கு நஷ்டமில்லை.

இப்போது உங்கள் திட்டத்தை அந்த இரண்டு மணி நேரத்தில் அடைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க ரயில். மதுரையில் இறங்கி வேனில் சாத்தூர் பக்கம் ஒன்றரை மணி நேரம். மொட்டை, அழுகை. காதுகுத்து, பெரிய அழுகை. கிடா விருந்து. திரும்ப வேன். மண்டபம், லைட், ஸ்பீக்கர், கேக். பெரியவர்களுக்கே மறுநாள் லீவு வேண்டும். குழந்தைக்கு உடம்புக்கு வராவிட்டாலும், அந்த நாள் முழுக்க அது அழுத முகத்தோடுதான் உங்கள் ஆல்பத்தில் இருக்கும்.

காதுகுத்தையாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 6, 10, 14 வாரத்தில் போடுகிற பென்டாவேலன்ட் ஊசி மூன்றும் போட்டிருந்தால் டெட்டனஸுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. தடுப்பூசி அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசாரி கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், காது மடலை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், கம்பி கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். நிக்கல் கலந்த கவரிங்கை விட தங்கம் நல்லது. குத்திய இடத்தைச் சில வாரம் சுத்தமாகவும் உலர்ந்தும் வைத்திருக்க வேண்டும். குல்லாயும் ஈரக் காற்றுமாக இருக்கிற மாதத்தில் அது கஷ்டம். கடுகு எண்ணெய், மஞ்சள், அடுப்புச் சாம்பல் எதையும் வைக்காதீர்கள். மடல் சிவந்து வீங்கினாலோ சீழ் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். எனக்குச் சொல்ல அதிகம் இருப்பது இங்கேதான்.

ஒரு வயது இரண்டு மாதப் பையன் ஒருவனை ஒரு தடவை கொண்டுவந்தார்கள். பத்து நாளாக இருமல், வீசிங், இருமல் மருந்தும் நெபுலைசரும் எடுத்தும் கேட்கவில்லை. ஸ்டெதஸ்கோப் வைத்தால் வலது பக்க நெஞ்சில் மட்டும் காற்று சரியாகப் போகவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்ததில்தான் விஷயம் வந்தது. பத்து நாளுக்கு முன்னால் பெரியப்பா பையனின் பிறந்தநாள். நாலு வயது அக்கா ஒருத்தி ஆசையாகத் தம்பி வாயில் ஒரு காரக்கடலையை வைத்திருக்கிறாள். ஒரு நிமிஷம் இருமியிருக்கிறான், முதுகைத் தட்டித் தண்ணீர் கொடுத்ததும் அடங்கிவிட்டது. விழா மும்முரத்தில் அத்தோடு மறந்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, பாதி நிலக்கடலையை எடுத்தார்கள். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஆனால் நிலக்கடலையைப் பார்த்தால் எனக்கு அந்த நெஞ்சுச் சத்தம்தான் ஞாபகம் வரும்.

உங்கள் விழா தீபாவளியை ஒட்டி வருகிறது. வீடு முழுக்க மிக்சர், காராசேவு, முந்திரி, பொட்டுக்கடலை உருண்டை இருக்கும். சீத்தாப்பழ சீசன் வேறு. அதன் கொட்டையும் சப்போட்டாக் கொட்டையும் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போகும். பாயசத்தில் முழு முந்திரி, திராட்சை, சுண்டலில் முழுக் கடலை எதுவும் குழந்தை வாய்க்குக் கூடாது. கடைவாய்ப் பல் முளைத்து மென்று தின்னப் பழகும் வரை, அதாவது நாலு வயது வரை, கடலை வகைகளை முழுசாகக் கொடுக்க வேண்டாம். பொடித்துச் சாதத்தில் பிசைந்தால் சரி. வந்திருக்கிற சின்னப் பிள்ளைகளிடம் "பாப்பாவுக்கு யாரும் எதுவும் ஊட்டக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரியவர்களிடம் சொல்வதுதான் கஷ்டம். "ஒரு வாய்தானே" என்பார்கள். அங்கே நீங்கள் பாட்டி என்கிற அதிகாரத்தைப் பயன்படுத்தலாம். மருமகள் சொன்னால் திமிர் என்பார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அப்படியும் எதாவது சிக்கிக்கொண்டால்: குழந்தை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள், அதுவாகத் தள்ளிவிடும். இருமவும் முடியாமல், சத்தம் வராமல், முகம் நீலமாக மாறினால் குழந்தையை மடியில் குப்புறப் போட்டு, தலை கீழே இருக்கிற மாதிரி பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தடவை பலமாகத் தட்டுங்கள். வரவில்லை என்றால், ஒரு வயது முடிந்த குழந்தைக்குப் பின்னால் இருந்து கையைச் சுற்றி, தொப்புளுக்கு மேலே, விலா எலும்புக்குக் கீழே ஐந்து தடவை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். ஒரு வயது முடியவில்லை என்றால் வயிற்றில் அழுத்தாமல், மல்லாத்திப் போட்டு நெஞ்சின் நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து தடவை. அடைத்தது வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இன்னொருவர் அதற்குள் 108க்குப் போன் செய்ய வேண்டும். குழந்தை நினைவிழந்து துவண்டுவிட்டால் நிறுத்திவிட்டு, போனில் அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத எதையும் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். இதை உங்கள் மகனையும் ஒரு தடவை பொம்மையை வைத்துப் பழகச் சொல்லுங்கள். திடீரென்று இருமி அடங்கிவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும், அந்தப் பையனுக்கு விட்டது போல விட்டுவிடக் கூடாது.

கேக்கைப் பொறுத்தவரை, விரலில் தொட்டு நக்கினால் ஒன்றும் ஆகாது. இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காமல் இருப்பதுதான் நல்லது என்பது எங்கள் வழக்கமான அறிவுரை. ஆனால் பிறந்தநாளன்று ஒரு துளி கிரீமுக்காக நான் சண்டைக்கு வரமாட்டேன். ஒன்றை மட்டும் பாருங்கள்: முட்டை, பால், நிலக்கடலை இவற்றை விழா நாளில் முதல் தடவையாகக் கொடுக்க வேண்டாம். அலர்ஜி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மண்டபம் இடமில்லை. தேனைப் பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள், கோயிலில் பஞ்சாமிர்தம் கொடுப்பார்களே. பஞ்சாமிர்தத்தில் தேன் இருக்கும். தேனில் பொட்டுலிசம் என்ற நோயைக் கொண்டுவருகிற கிருமியின் விதைகள் இருக்கலாம்; ஒரு வயதுக்குள் குழந்தையின் குடல் அதைத் தாங்காது. பத்து நாள் முன்னால் வருகிற நட்சத்திரப் பிறந்தநாளன்று கணக்குப்படி இன்னும் ஒரு வயது முடியவில்லை. அந்தப் பத்து நாளும் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறந்த அன்றைக்கே சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் வைத்த தலைமுறை நாம், தெரியும். வைத்தது சரி என்று அர்த்தமில்லை.

நகை போடுங்கள், தாய்மாமன் காப்பு போடட்டும், போட்டோ எடுங்கள், உடனே கழற்றிவிடுங்கள். சேப்டி பின் குத்திய எதுவும் சட்டையில் வேண்டாம். திருஷ்டிப் பொட்டு கன்னத்திலோ காலிலோ வையுங்கள், கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம். சில மைகளில் ஈயம் கலந்திருக்கும். பலூன் வெடித்தால் சிதறுகிற ரப்பர்த் துண்டு, தரையில் உருள்கிற தெர்மாகோல் உருண்டை, மினுங்குகிற விளையாட்டுச் சாமானுக்குள் இருக்கிற பட்டன் பேட்டரி, இவற்றைத் தரையைப் பெருக்குகிற மாதிரி பொறுக்கி எடுக்க ஓர் ஆளை வையுங்கள். பேட்டரியை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மேலே ஒட்டுகிற கேஸ் பலூன் நம் ஊரில் பல சமயம் ஹைட்ரஜனில் நிரப்பியது. அது தீப்பிடிக்கும். நுரை ஸ்ப்ரேயும் அப்படித்தான். மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இரண்டும் கூடவே கூடாது.

மெழுகுவர்த்தி என்றதும் உங்கள் வருத்தம் ஞாபகம் வருகிறது. ஒரு வயதுக் குழந்தைக்கு ஊதத் தெரியாது அக்கா. ஊதப்போவது உங்கள் மகன், கேக் மேல் விழப்போவது அவருடைய எச்சில். அதனால் மருத்துவக் காரணம் சொல்லியே அதை நிறுத்திவிடலாம். மெழுகுவர்த்திக்குப் பதிலாகக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் குத்துவிளக்கை ஏற்றி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்கள் திரியைத் தூண்டுங்கள். கேக்கும் இருக்கட்டும், விளக்கும் எரியட்டும். என் பேரனுக்கு அப்படித்தான் செய்தோம். அவன் கேக்கைப் பார்க்கவே இல்லை, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எந்த நாள் என்கிற தகராறு எனக்குத் தகராறாகவே தெரியவில்லை. நிலவு ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். பதின்மூன்று சுற்றுக்கு 355 நாள். அதனால்தான் நட்சத்திரம் பத்து நாள் முந்திக்கொண்டது. உங்களுக்கு இரண்டு பிறந்தநாள் கிடைத்திருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திர நாள் உங்களுடையது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் இரண்டு நாள் முன்னாலேயே சென்னைக்குப் போய், குழந்தைக்குப் பழகி, காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பக்கத்துக் கோயிலில் அர்ச்சனை செய்து, வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்துச் சம்பந்தியையும் கூப்பிட்டுச் சாப்பிடுங்கள். ஹோமம் செய்கிற வழக்கம் உண்டென்றால் குழந்தையைப் புகையில் ரொம்ப நேரம் உட்காரவைக்க வேண்டாம். ஆங்கிலத் தேதி மருமகளுடையது. அவள் கூப்பிடுகிற 20 பேர், அவள் கேக், அவள் நேரம். அங்கே நீங்கள் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். கஷ்டம்தான்.

மொட்டையும் காதுகுத்தும் கிடாவும் மாசிக்குப் போகட்டும். சாத்தூர்ப் பக்கம் மாசி சிவராத்திரிக்கு எப்படியும் பங்காளிகள் எல்லாரும் குலதெய்வம் கோயிலுக்கு வரத்தானே போகிறீர்கள்? உங்கள் 200 பேரும் அங்கேயே இருப்பார்கள். மழை நின்றிருக்கும், காது சீக்கிரம் ஆறும். குழந்தைக்கு ஒன்றேகால் வயது ஆகியிருக்கும், நடக்க ஆரம்பித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ராத்திரிக் கூட்டத்துக்கு நிற்காமல் காலையிலேயே முடித்துவிடலாம். ஒற்றைப்படை மாதம் வேண்டும் என்றால் ஜோசியரைக் கேளுங்கள், அது என் பாடம் இல்லை.

அதற்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 9 மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை ஊசி போட்டாயிற்றா என்று அட்டையில் பார்க்கச் சொல்லுங்கள். ப்ளூ ஊசி முதல் தடவை போடுகிற குழந்தைக்கு நாலு வாரம் இடைவெளி விட்டு இரண்டு டோஸ் வேண்டும், இரண்டாவது போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் அது முழுதாக வேலை செய்யும். அதனால் ஐப்பசிக்கு இப்போதே முதல் ஊசி போட்டால்தான் கணக்குச் சரியாக வரும். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஒரு டோஸ் போட்டுக்கொள்ளலாம். குழந்தையைத் தூக்குகிற கை உங்களுடையதுதானே. விழா நாளில் உங்களுக்கே தும்மல் இருந்தால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், முத்தத்தைக் காலில் கொடுங்கள். மறுநாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவு தண்ணீருக்கு ஒரு முழு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பாக்கெட்டைப் பாதியாகப் பிரிக்க வேண்டாம். சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். தண்ணீர்கூட இறங்காமல் சோர்ந்து படுத்தால், ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி.

மருமகளிடம் இந்தப் பதிலை அப்படியே காட்டலாம். ஆனால் மொட்டைப் பத்தியை மட்டும் மடித்துக் காட்டாதீர்கள், கூட்டத்தைப் பற்றி எழுதியதையும் காட்டுங்கள். அவளிடம் முதலில் கேட்க வேண்டியது பாப்பா காலையில் எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், எத்தனை மணிக்கு எழுகிறாள் என்பது. அதைக் கேட்டாலே பாதி வாக்குவாதம் குறையும் என்பது என் அனுபவம்.

சிவராத்திரிக்குத் தென்மாவட்ட ரயில்களில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறார்கள். தேதியை எண்ணிப் பார்த்துக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் குறித்துவைத்து, மகனுக்கும் மருமகளுக்கும் லோயர் பெர்த் கேட்டுப் போடச் சொல்லுங்கள். கிடா விருந்துக்கு என்னைக் கூப்பிட மறந்துவிடாதீர்கள்.